ஒரே பெரும்படையா, பிரித்த படைகளா: யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4-ல் ஒரு கணக்கு

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்பது ஒரு பழைய நாட்டை எடுத்து நடத்தும் கணினி வியூக விளையாட்டு. அதில் மாஸ்கோவைச் சுற்றிய பழைய ரஷ்ய நாடான மஸ்கோவியை எடுத்து ஆடிய முதல் ஆட்டத்தில், பக்கத்து நாடான நோவ்கொரோட் மேல் படையெடுத்தபோது, ஒரு சண்டைகூடப் போடாமல் ஐந்தாயிரத்துச் சொச்சம் பேரைத் தொலைத்தேன். கையில் 30 ரெஜிமென்ட் இருந்தது. ரெஜிமென்ட்டுக்கு ஆயிரம் பேர். முப்பதையும் ஒரே படையாகச் சேர்த்து, இதை யார் தடுப்பது பார்க்கலாம் என்ற மிதப்பில், நவம்பர் மாதம் எல்லையைத் தாண்டினேன். படையின் மேல் ஒரு கறுப்பு மண்டை ஓடு வந்து உட்கார்ந்தது, சண்டையில்லாமலே ஆட்கள் சாகிறார்கள் என்பதற்கான அடையாளம் அது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. எதிரிப் படை எங்கே என்று தேடுவதிலேயே குறியாக இருந்தேன்.

நான்கு மாதம் கழித்துப் போர்த் திரையைத் திறந்தேன். அதில் இழப்பு இரண்டு வரிகளாகப் பிரிந்திருக்கும்: சண்டையில் செத்தவர்கள் ஒரு வரி, தேய்மானத்தில், அதாவது சண்டையில்லாமலே குளிரிலும் பசியிலும் போனவர்கள் ஒரு வரி. சண்டை வரியில் பூஜ்யம். தேய்மான வரியில் ஐந்தரை ஆயிரத்துக்கு மேல். கணக்கு போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. மாதம் 5 சதவீதம் என்றால் முதல் மாதம் 1,500 பேர், அடுத்த மாதம் 1,425 பேர் என்று நான்கு மாதத்தில் அந்த எண்ணைத் தொட்டுவிடும். நோவ்கொரோட்காரன் ஒரு வாளைக்கூட உருவவில்லை. குளிரும் பசியும் அவனுக்காக வேலை பார்த்துவிட்டன.

இந்த விளையாட்டில் படையை வைத்துக்கொள்ள மூன்று வழிகள் உண்டு. எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்து ஒரே பெரும்படையாக நடத்துவது ஒன்று. இரண்டு மூன்று சமமான படைகளாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று பக்கத்து மாகாணத்தில் நடக்கவிட்டு, சண்டை வரும்போது மட்டும் சேர்ப்பது இன்னொன்று. மூன்றாவது, சண்டைக்கு ஒரு படை, முற்றுகைக்கு வேறு படை என்று வேலையைப் பொறுத்துப் பிரிப்பது. எது சரி என்று கேட்டால் பலரும் "நாட்டைப் பொறுத்தது" என்று நழுவிவிடுவார்கள். நாட்டைப் பொறுத்ததுதான், ஆனால் அதற்குப் பின்னால் தெளிவான கணக்கு ஒன்று இருக்கிறது.

இரண்டு எண்களைப் பார்த்தால் போதும். ஒன்று, மாகாணத்தின் சப்ளை வரம்பு. அந்த மண் எத்தனை ரெஜிமென்ட்டுக்குச் சோறு போடும் என்பதுதான் அது. மாகாணம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, என்ன நிலப்பரப்பு, யார் கையில் இருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்து மாறும். இரண்டாவது, போர் அகலம். சண்டையில் ஒரே நேரத்தில் முன்வரிசையில் எத்தனை ரெஜிமென்ட் நிற்க முடியும் என்பது. ஆட்டம் தொடங்கும் 1444-ல் ஐரோப்பிய நாடுகளுக்கு இது 20. ராணுவத் தொழில்நுட்பம் ஏற ஏறக் கூடி, கடைசிக் காலத்தில் 40-ல் நிற்கும்.

சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டு எண்களும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும். வறண்ட மாகாணம் பத்துப் பன்னிரண்டு ரெஜிமென்ட்டைத்தான் தாங்கும். சண்டைக்கோ 20 வேண்டும், பீரங்கி வந்தபிறகு அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். நடக்கும்போது சின்னதாக இருக்க வேண்டும், அடிக்கும்போது பெரிதாக இருக்க வேண்டும். ஒரே படை இரண்டாகவும் இருக்க முடியாது.

பெரும்படைக்கு ஒரு நியாயம் உண்டு

பெரும்படையைக் கேலி செய்வது சுலபம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள், கொஞ்சம் பழகியவர்கள் எல்லோரும் அதைச் செய்யாதே என்பார்கள். ஆனாலும் அதற்கென்று இடம் இருக்கிறது.

முதலில் தளபதி. ஒரு தளபதியை எடுக்க 50 ராணுவப் புள்ளி செலவாகும். அந்தப் புள்ளிகள் தொழில்நுட்பத்துக்கும் வேண்டும், ராணுவக் கருத்துக்களுக்கும் வேண்டும். சம்பளச் சுமையில்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய தளபதிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. சின்ன நாட்டில் உருப்படியான தளபதி ஒருவர் அமைந்தாலே அதிர்ஷ்டம். படையை மூன்றாகப் பிரித்தால் இரண்டு படை தலையில்லாமல் அலையும்.

அடுத்தது, பெரும்படையை யாரும் தனியாகப் பிடித்து அழிக்க முடியாது. இந்த விளையாட்டில் தோற்பது ஒரு விஷயம், துடைத்தெறியப்படுவது வேறு விஷயம். தோற்ற படை ஓடிப்போய்த் தேறி மறுபடி வரும். துடைக்கப்பட்ட படை போனது போனதுதான். எதிரி பத்து மடங்கு இருந்தால் மோதிய உடனேயே எல்லாம் முடிந்துவிடும். இரண்டு மடங்கு இருந்தால், சண்டையின் முதல் 12 நாட்களுக்குள் நம் மன உறுதி உடைந்துபோனால் மொத்தப் படையும் காலி. அந்த 12 நாட்களில் நாமாகப் பின்வாங்கவும் முடியாது. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாவதாக, கவனம். மூன்று படையை மூன்று இடத்தில் வைத்துக்கொண்டு, கடலில் கப்பலையும் பார்த்துக்கொண்டு, உள்ளே கலகத்தையும் அடக்கிக்கொண்டு ஆடுவது எல்லோருக்கும் ஒத்துவராது. ஆட்டத்தை அடிக்கடி நிறுத்திப் பார்க்கப் பொறுமை இல்லையென்றால் பெரும்படைதான் நிம்மதி. பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் நிறுத்தவும் வழியில்லை, அங்கே இது இன்னும் பொருந்தும்.

ஆக, எட்டுப் பத்து ரெஜிமென்ட் மட்டும் வைத்திருக்கும் சிறிய நாடாக இருந்தால் பிரிப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சப்ளை வரம்பை நீங்கள் தாண்டப்போவதே இல்லை. குழப்பம் ஆரம்பிப்பது படை இருபதைத் தாண்டும்போதுதான்.

மண்டை ஓட்டின் கணக்கு

தேய்மானம் மாதத்துக்கு ஒரு முறை கழியும். வழக்கமாக 5 சதவீதத்துக்கு மேல் போகாது. ஐந்துதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஏமாற்றுவது எது தெரியுமா, படையின் மேல் தெரியும் எண். செத்தவர்களுக்குப் பதிலாக நாட்டின் ஆள்பலத்திலிருந்து ஆட்கள் வந்து நிரம்பிக்கொண்டே இருப்பார்கள். எதிரி மண்ணில் கொஞ்சம் மெதுவாக வருவார்கள், அவ்வளவுதான். அதனால் படை என்னவோ கிட்டத்தட்ட முழுசாகவே தெரியும். வற்றுவது மேலே மூலையில் இருக்கும் ஆள்பலம். காலியான ஆள்பலம் சாதாரணமாக முழுக்க நிரம்பப் பத்து வருஷம் ஆகும். போர் ஜெயித்திருப்பீர்கள், மூன்று மாகாணம் வாங்கியிருப்பீர்கள், அடுத்த பத்து வருஷம் யார் மேலும் கை வைக்க முடியாது. நான் மஸ்கோவியில் மாட்டிக்கொண்டது இதில்தான். நோவ்கொரோட் முடிந்ததும் தெற்கே தாத்தார்களைப் பார்க்கலாம் என்று திட்டம். பார்த்தார்கள், அவர்கள்தான் என்னை.

இதை விளையாட்டின் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1812 ஜூன் மாதம் நெப்போலியன் நேமன் ஆற்றைத் தாண்டியபோது அவரோடு நான்கு லட்சத்துக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். செப்டம்பர் 7-ல் போரோதினோவில் பெரிய சண்டை வந்தபோது கையில் இருந்தது சுமார் 1,30,000 பேர். வழியில் காவலுக்கும் பக்கவாட்டுக்கும் விட்டுவந்தவர்கள் ஒரு பகுதி. மற்றவர்களை நோயும் பசியும் வெயிலும் தின்றன, பலர் ஓடிப்போனார்கள். பனி அப்போது இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. ரஷ்யாவில் குளிர்தான் அவரைத் தோற்கடித்தது என்று சொல்கிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். கோடையிலேயே அவர் மேல் மண்டை ஓடு உட்கார்ந்துவிட்டது.

இன்னொரு சங்கதி. பெரும்படையில் போர் அகலத்துக்கு மேல் இருக்கும் ரெஜிமென்ட்கள் எல்லாம் சண்டையில் பின்னால் சும்மா நிற்கும். அகலம் 20 என்றால், 35 ரெஜிமென்ட் காலாட்படையோடு போனாலும் முன்வரிசையில் அடிப்பது 20-தான். மீதி 15 வேடிக்கை பார்க்கும். வெறும் வேடிக்கை என்றாலும் பரவாயில்லை, அப்படி நிற்கிறவர்களுக்கும் நாளுக்கு நாள் மன உறுதி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அவர்களின் முறை வரும்போது பாதிச் சோர்ந்துதான் முன்னால் வருவார்கள். அதே 15 ரெஜிமென்ட் ஐந்து நாள் கழித்து வெளியிலிருந்து வந்து சேர்ந்தால் முழு உறுதியோடு வரும். எண்ணிக்கை ஒன்றுதான், வந்து சேரும் நேரம்தான் வேறு.

பிரித்து நடத்துவது

இதைப் புரிந்துகொண்டபிறகு பிரிக்காமல் இருக்க மனசு வராது. ஆனால் பிரிப்பதிலும் ஒரு பெரிய அடி வாங்கினேன்.

ஓட்டோமன் ஆட்டம், போர் அகலம் 24 ஆக இருந்த காலம். படையைப் பதினாறு பதினாறாக மூன்றாகப் பிரித்து வைத்திருந்தேன். ஹங்கேரிக்காரன் 38 ரெஜிமென்ட்டோடு சமவெளியில் நின்றான். 48-க்கு 38, நமக்குத்தான் சாதகம் என்று முதல் படையை மோதவிட்டேன். இரண்டாவது படை இரண்டு மாகாணம் தள்ளி, நடுவில் எதிரியின் கோட்டை ஒன்று. கோட்டை தன்னைச் சுற்றியுள்ள மாகாணங்களில் நம்மை நேராகக் கடக்கவிடாது. படை சுற்றிக்கொண்டு வந்தது. வந்து சேர 21 நாள். முதல் படை ஒன்பதாம் நாளே உடைந்தது. பதினாறுக்கு முப்பத்தெட்டு, இரண்டு மடங்குக்கு மேல். 12 நாள் ஆகவில்லை. பதினாறாயிரம் பேர் திரையிலிருந்து மறைந்தார்கள், ஓடிப்போகக்கூட ஒருவரும் மிஞ்சவில்லை. வந்துகொண்டிருந்த இரண்டாவது படையை நிறுத்தலாம் என்றால் அது பாதித் தூரத்தைத் தாண்டிவிட்டது. பாதிக்கு மேல் நடந்த படையைத் திருப்ப முடியாது. அதுவும் தனியாகப் போய் அதே முப்பத்தெட்டில் விழுந்தது.

வாட்டர்லூவில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். 1815 ஜூன் 18 அன்று நெப்போலியனின் படையில் சுமார் 33,000 பேர் அவருடைய தளபதி குரூஷியோடு வாவ்ர் பக்கம் போய் மாட்டிக்கொண்டார்கள். பிரித்து அனுப்பியதில் தவறில்லை, அவருடைய பழைய வெற்றிகளே அப்படி வந்தவைதான். அன்றைக்கு அந்தப் பகுதி திரும்பி வந்து சேரவில்லை. எதிர்ப்பக்கத்தில் வெல்லிங்டனிடமிருந்து பிரிந்திருந்த ப்ளூகரின் பிரஷ்யப் படை சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது.

அந்தத் தோல்விக்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: எந்தப் படையும் இன்னொன்றிடமிருந்து 12 நாள் நடைக்கு மேல் விலகி இருக்கக் கூடாது. நடைமுறையில் எட்டு நாள் என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. தூரத்தை மாகாணக் கணக்கில் எண்ணாதீர்கள், நாள் கணக்கில் எண்ணுங்கள். போகும் இடத்தைக் குறித்துவிட்டு அம்புக்குறியின் மேல் சுட்டியை வைத்தால் எந்தத் தேதியில் போய்ச் சேரும் என்று காட்டும். அந்தத் தேதிதான் எல்லாம்.

அதே ஆட்டத்தில் சில வருஷம் கழித்து ஆஸ்திரியாவும் சேர்ந்து வந்தது. இந்த முறை மலை மாகாணம் ஒன்றில் என் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார்கள். மறுபடியும் முப்பத்தெட்டு. என்னிடம் மறுபடியும் மூன்று பதினாறு. சண்டையில் இரு பக்கத்துக்கும் பகடை விழும். மலையில் மோதப்போகும் ஆசாமிக்கு அதில் 2 குறையும், அதனால் யாரும் மலைக்குள் போய் அடிக்க யோசிப்பார்கள். ஆனால் கோட்டை நம்முடையது என்றால், முற்றுகை போட்டிருக்கும் எதிரிதான் அந்தக் குறையைச் சுமக்க வேண்டும், நாம் வெளியிலிருந்து வந்து மோதினாலும் சரி. தவிர, மலையில் போர் அகலமும் பாதியாகக் குறுகிவிடும். 24 என்பது 12. அவன் முப்பத்தெட்டோடு வந்தாலும் அடிக்கப்போவது பன்னிரண்டு ரெஜிமென்ட்தான்.

தேதிகளைப் பார்த்துப் பார்த்து அனுப்பினேன். முதல் படை 3-ம் தேதி சேரும், இரண்டாவது 7-ம் தேதி, மூன்றாவது 10-ம் தேதி. நல்ல தளபதி முதல் படையில். சண்டை மூன்று நாளைக்கு ஒரு கட்டமாகப் போகும்: மூன்று நாள் துப்பாக்கிச் சூடு, மூன்று நாள் கைகலப்பு, மறுபடி சூடு. ஒவ்வொரு கட்டத்துக்கும் 0 முதல் 9 வரை பகடை. முதல் கட்டத்தில் எனக்கு 2 விழுந்தது, அவனுக்கு 6. மலை அவனுடையதில் 2-ஐக் கழித்தும் அவன் கைதான் மேலே. என் முன்வரிசை வெளிற ஆரம்பித்தது. 7-ம் தேதி இரண்டாவது படை வந்து ஓட்டைகளை அடைத்தது. 10-ம் தேதி மூன்றாவது வந்தபோது அவன் பக்கத்தில் புதிதாக யாரும் இல்லை, முப்பத்தெட்டும் முதல் நாளிலிருந்தே அந்த மலையில் நின்று சோர்ந்துபோயிருந்தது. 18-ம் தேதி உடைந்து ஓடினான். பகடை என்னமோ அவனுக்குத்தான் நன்றாக விழுந்தது.

பிரித்து நடத்துவதில் ஒரு ஓரச் சௌகரியமும் உண்டு. கணினி ஆடும் நாடுகள் பெரும்படையைக் கண்டால் ஒதுங்கிப்போகும், தனியாக நிற்கும் சின்னப் படையைக் கண்டால் பாய்ந்து வரும். ஆற்றுக்குப் பின்னால், குன்றின் மேல் ஒரு பதினாறை நிறுத்திவிட்டு மற்றதை ஒரு மாகாணம் தள்ளி வையுங்கள். எதிரி ஆற்றைத் தாண்டினால் பகடையில் 1, குன்றில் ஏறினால் இன்னொரு 1 குறையும். தூண்டில் போட்டு மீன் பிடிப்பதுபோலத்தான். சக மனிதர்களோடு ஆடும்போது இது செல்லாது, இரண்டாம் முறை யாரும் கடிக்கமாட்டார்கள்.

முற்றுகைக்குத் தனிப்படை

இந்த விளையாட்டில் படை பெரும்பாலான நேரம் சண்டை போடுவதில்லை, கோட்டை வாசலில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சண்டை இரண்டு மூன்று வாரத்தில் முடியும். கோட்டைகளின் நிலை 2, 4, 6, 8 என்று ஏறும். பிற்காலத்தில் ஒரு நிலை 8 கோட்டை ஒரு வருஷத்துக்கு மேலேயே உங்களைக் காக்கவைக்கும். அப்படியிருக்க, நல்ல படையை முழுசாக அங்கே உட்காரவைப்பது வீண் இல்லையா.

முற்றுகையில் சுமார் 30 நாளைக்கு ஒரு முறை பகடை விழும். ஒன்று விழுந்தால் முகாமில் நோய், 5 சதவீதம் ஆட்கள் போவார்கள். மாதத் தேய்மானம் அதுபாட்டுக்குத் தனி. இங்கே எவ்வளவு பேர் குறைவாக இருக்கிறார்களோ அவ்வளவு குறைவாகத்தான் இழப்பு. கோட்டையைச் சூழத் தேவையான அளவு காலாட்கள், கோட்டையின் நிலைக்கு ஏற்ற பீரங்கிகள், அவ்வளவு போதும். குதிரைப்படையை முற்றுகையில் வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஒரு காலாட் ரெஜிமென்ட் அடிப்படை விலையில் 10 டுகாட் (விளையாட்டின் பணம்), குதிரை 25, பீரங்கி 30. இருபத்தைந்து டுகாட் குதிரை கோட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

பீரங்கி ராணுவத் தொழில்நுட்பம் 7-ல் வருகிறது. அதுவரைக்கும் இந்த மூன்றாவது வழிக்குப் பெரிய அர்த்தம் கிடையாது, எல்லாப் படையும் ஒரே மாதிரிதான். வந்தபிறகு முதலில் வாங்கும் பீரங்கிகள் எல்லாம் முற்றுகைப் படைக்கே போகட்டும். சண்டையில் பீரங்கி பின்வரிசையிலிருந்து சுடும், முன்னால் நிற்பவர்களுக்கும் கொஞ்சம் தாங்கு கொடுக்கும். ஆனால் முன்வரிசை காலியாகி பீரங்கி முன்னால் வந்துவிட்டால் இரண்டு மடங்கு அடி வாங்கும். முற்றுகைப் படை தனியாக மாட்டினால் நடப்பது இதுதான். ஆகவே இதற்கும் அதே விதி: சண்டைப் படை எட்டு நாள் தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

பின்னாளில் தொழில்நுட்பம் 16-ஐத் தாண்டும்போது பீரங்கியின் பலம் நன்றாகக் கூடிவிடும். அப்புறம் சண்டைப் படைக்கே முழுப் பின்வரிசையும் பீரங்கியாக வேண்டும். அகலம் 40 ஆகும்போது முன்னால் 40, பின்னால் 40, மொத்தம் 80 ரெஜிமென்ட். அதை ஒரே இடத்தில் நிறுத்தினால் எந்த மாகாணமும் தாங்காது. அந்தக் கட்டத்தில் பிரிப்பதா வேண்டாமா என்ற கேள்வியே கிடையாது.

கூலிப்படையை எங்கே வைப்பது

பணத்துக்கு வரும் படையா, சொந்தப் படையா என்று கேட்டால், கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். பிரித்த படைகளில் எந்தப் பகுதியைக் கூலிப்படையிடம் கொடுப்பது?

2020 ஜூனில் எம்பரர் விரிவாக்கத்தோடு வந்த 1.30 பதிப்பிலிருந்து கூலிப்படை தனித்தனி ரெஜிமென்ட்டாக வருவதில்லை. முழுக் குழுவாக வருகிறது, தனக்கென்று ஓர் ஆள்பலத்தையும் கொண்டுவருகிறது. அதில் செத்தால் குழுவின் இருப்பு குறையும், உங்கள் நாட்டின் இருப்பு குறையாது. அப்படியானால் பதில் அதிலேயே இருக்கிறது: நோயும் தேய்மானமும் தின்னப்போகிற இடத்தில் அவர்களை உட்காரவைப்பது. நான் கூலிப்படையை முற்றுகைக்கும் சுமாரான மாகாணங்களைப் பிடிக்கவும் அனுப்புவேன், சொந்தப் படையைச் சண்டைக்கு வைத்துக்கொள்வேன். கொஞ்சம் மனசாட்சி இல்லாத ஏற்பாடுதான், ஒத்துக்கொள்கிறேன்.

இதற்கும் விலை உண்டு. கிரேடில் ஆஃப் சிவிலைசேஷன் விரிவாக்கம் வைத்திருந்தால், கூலிக்குழு ஒன்றை அமர்த்தும் ஒவ்வொரு முறையும் படையின் தொழில்முறைத் தேர்ச்சி 5 சதவீதம் இறங்கும். அதை ஏற்ற, சமாதான காலத்தில் படையைப் பயிற்சியில் போட்டு, வருஷத்துக்கு ஒரு சதவீதம்கூட முழுசாக வராமல் காத்திருந்திருப்பீர்கள். ஒரு கையெழுத்தில் ஐந்து வருஷம் போகும். பிரஷ்யா மாதிரி ஒவ்வொரு சிப்பாயின் தரத்திலும் வாழும் நாட்டுக்கு இது கட்டுப்படியாகாது. வெனிஸ் மாதிரி பணம் கொட்டி, ஆள் குறைந்த நாட்டுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. மஸ்கோவிக்கு ஆள் நிறைய, பணம் குறைவு, அங்கே கூலிப்படை பெரும்பாலும் வீண்செலவு.

எனக்கு எது

போர் அகலத்தைவிடப் படை சின்னதாக இருக்கும்வரை ஒரே படை. அதைத் தாண்டியதும் இரண்டாகப் பிரித்து, ஒரே திசையில், பக்கத்துப் பக்கத்து மாகாணத்தில். பீரங்கி வந்தபிறகு முற்றுகைக்கு ஒன்று தனியாக. கடைசி நூறு வருஷத்தில் நான்கைந்து சண்டைப் படைகள், ஒவ்வொன்றும் பாதி அகலத்துக்கு, அதாவது இருபது காலாட், இருபது பீரங்கி. இரண்டு சேர்ந்தால் முழு வரிசை, மூன்றாவது வந்தால் புது ரத்தம். சரிசமமாகப் பிரிக்கப் படைப் பலகையிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது, கையால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். உள்நாட்டுக் கலகத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு சின்னப் படையைத் தானாக வேட்டையாடும் கட்டளையில் விட்டுவிடுங்கள், அதை மறந்தே போகலாம்.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதிரியின் படைத்தரம் உங்களுடையதைவிடத் தெளிவாக மேலே இருந்தால் எட்டு நாள் கணக்கும் காப்பாற்றாது. பிரஷ்யாவோடு மோதும்போது முதல் படை நான்கு நாள்கூடத் தாங்காமல் போகலாம். அங்கே முன்வரிசையை முழுசாக நிரப்பும் அளவுக்கு முதல் படையைப் பெரிதாக்கிக்கொண்டு போங்கள், தேய்மானத்தைச் சகித்துக்கொள்ளுங்கள். அல்லது சண்டையே போடாமல் கோட்டைகளுக்குப் பின்னால் இருந்து அவனுடைய ஆள்பலத்தை வற்றவிடுங்கள்.

இதெல்லாம் தலைவலி, எனக்கு நாட்டை நடத்தத்தான் ஆசை, படையை மேய்க்க இல்லை என்றால், ஆட்டத்தையே மாற்றிக்கொள்ளலாம். 2022-ல் வந்த விக்டோரியா 3-ல் படையை மாகாணம் மாகாணமாக நகர்த்த வேண்டாம், தளபதியைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டுத் தொழிற்சாலையைப் பார்க்கப் போய்விடலாம். ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-ல் டிவிஷன்களை ஒரு கோடு முழுக்கப் பரப்பித் திட்டம் வரைந்து விடுவதுதான் வழக்கம். எனக்கு இரண்டும் பிடிக்கும், ஆனால் 7-ம் தேதிக்குள் வந்து சேருமா என்று நகம் கடிக்கும் சுகம் இரண்டிலும் இல்லை.

போன மாதம் மறுபடி மஸ்கோவியை எடுத்தேன். அதே முப்பது ரெஜிமென்ட், அதே நோவ்கொரோட். இந்த முறை பத்துப் பத்தாக மூன்று படை, ஏப்ரலில் எல்லை தாண்டினேன். ஒன்று தலைநகர்க் கோட்டையைச் சூழ்ந்தது, மற்ற இரண்டும் ஆளுக்கொரு பக்கம் ஆறேழு நாள் தூரத்தில். ஜூலையில் நோவ்கொரோட் படை முற்றுகையைக் கலைக்க வந்தது, மூன்றும் சேர்ந்தன. சமாதானம் பேசும்போது போர்த் திரையைத் திறந்து பார்த்தேன். தேய்மானம்: 1,100. சண்டை: 2,300.